ஐந்தாம் நம்பர் எங்கே நிற்கிறது

எங்கள் அலுவலகத்தில் யானை என்றால் புள்ளிதான். காட்டில் அது மரத்தை முறிக்கும், மண்ணை வாரித் தலையில் கொட்டிக்கொள்ளும். எங்களிடம் வந்து சேரும்போது கம்ப்யூட்டர் வரைபடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி. அந்தப் புள்ளிகளைக் கட்டி மேய்ப்பவர் என்பதால் அவருக்குப் புள்ளியக்கா என்று பெயர். இயக்குநர் வயதில் மூத்தவர், அவரும் அப்படித்தான் கூப்பிடுவார். சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருக்கிறது.

நான் அவருக்கு அடுத்த மேசை. பணம் கொடுக்கும் நிறுவனங்களுக்கு அறிக்கை எழுதுவது என் வேலை. அதாவது, ‘குறிப்பிடத்தக்க முன்னேற்றம்’ என்ற இரண்டு சொற்களை வைத்துக் குடும்பம் நடத்துகிறேன். அக்காவின் வேலை அப்படியில்லை. யானையின் கழுத்தில் மாட்டியிருக்கும் காலர், அது நிற்கும் இடத்தை மணிக்கொரு தரம் அனுப்பும். வந்ததை அப்படியே நம்ப முடியாது. மேகமும் பாறையும் சேர்ந்து சில நேரம் கணக்கைக் குழப்பிவிடும். “இங்க பாருங்க, நம்ம மூணாம் நம்பர் கடல்ல நீந்திட்டிருக்கா” என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டு அந்தப் புள்ளியை அழிப்பார். காலையில் முதல் வேலை இப்படிச் சலித்தெடுப்பது. பிறகு எந்த யானை எந்தப் பக்கம் போகிறது, எந்த மாதம் எங்கே தண்ணீர் குடிக்கிறது என்று வரைபடம் போடுவார். மூக்குக்கண்ணாடி நெற்றிக்கு ஏறிவிட்டால் ஏதோ ஒத்துவரவில்லை என்று அர்த்தம். அந்த நேரத்தில் இயக்குநர்கூட அந்தப் பக்கம் போகமாட்டார்.

அக்காவுக்கு ஒரே தம்பி. மலையில் ஒரு தோட்டத்துக் குடியிருப்பில் தண்ணீர் மோட்டார் ஓட்டுகிறான். என் வயதுதான், என்னை “ரிப்போர்ட்டு” என்று கூப்பிடுவான். தினமும் சாயங்காலம் பள்ளத்தில் இருக்கும் மோட்டார் ரூமுக்குப் போய்த் தண்ணீர் ஏற்ற வேண்டும். தார்ச்சாலை சுற்றிக்கொண்டு போகும். புதருக்குள் ஒரு குறுக்குப்பாதை இருக்கிறது. அந்தப் பாதையில் ஒரு பால்காரரை யானை மிதித்துக் கொன்றது. அன்றிலிருந்து தம்பி சாலையில்தான் போனான். முட்டிவலிக்காரன், முனகிக்கொண்டே போனான்.

அப்போதுதான் அக்கா ஒரு யோசனை சொன்னார். காலர் போட்ட யானை குடியிருப்புக்குப் பக்கத்தில் வந்தால், அங்கே இருக்கிற எல்லாருடைய போனுக்கும் தானாக ஒரு மெசேஜ் போகட்டும். அந்தப் பக்கம் நடமாடுவது ஐந்தாம் நம்பர் என்ற ஒற்றை ஆண் யானை மட்டும்தான், அதன் கழுத்தில் காலர் இருக்கிறது. திட்டம் நடந்தது. ஜனங்கள் நம்ப ஆரம்பித்தார்கள். மெசேஜ் வந்தால் வீட்டுக்குள் இருப்பார்கள், வராவிட்டால் நடப்பார்கள். தம்பியும் குறுக்குப்பாதைக்குத் திரும்பினான். என் அறிக்கையில் அது இரண்டு பக்கம் வந்தது, போட்டோவோடு.

இந்த மழைக்காலத்தில் ஐந்தாம் நம்பரின் பேட்டரி இறங்கத் தொடங்கியது. மணிக்கொரு தரம் வந்த புள்ளிகள் நாளுக்கு ஒன்றாகின. பிறகு அதுவும் இல்லை. அக்கா எழுந்து இயக்குநர் அறைக்குப் போனார். கதவு திறந்தேதான் இருந்தது.

“சார், அஞ்சாம் நம்பர் காலரை மாத்தணும்.”

“மாத்தலாம்மா. மயக்க ஊசிக்கு அனுமதி வரணும், டாக்டர் வரணும், மழை நிக்கணும். நான் என்ன வேணாம்னா சொல்றேன்?”

“அதுவரைக்கும் ஜனங்ககிட்ட சொல்லிடலாம் சார். மெசேஜ் வரலன்னா யானை இல்லன்னு நெனச்சுப்பாங்க. அது எங்க இருக்குன்னு நமக்கே தெரியாது.”

“எழுதிக் குடுங்க, மேல அனுப்புறேன்.”

மெசேஜில் ஒரு சொல்லை மாற்றுவதற்கும் மேலிடத்து அனுமதி வேண்டும். அக்கா எழுதிக் கொடுத்தது இதுதான்: ‘ஐந்தாம் நம்பர் யானையின் காலர் பழுது. மெசேஜ் வராவிட்டாலும் யானை இருக்கலாம்.’ கிணற்றில் போட்ட கல்லாகக் கொஞ்ச நாள் கிடந்தது. பிறகு எல்லாருடைய போனுக்கும் இப்படிப் போனது: ‘யானை எச்சரிக்கைச் சேவை மேம்படுத்தப்படுகிறது. ஒத்துழைப்புக்கு நன்றி.’

பூசி மெழுகுவதில் எனக்கு அனுபவம் உண்டு. என் தொழில்காரன் எவனோ மேலே உட்கார்ந்திருக்கிறான் என்று பார்த்தவுடனே புரிந்தது. அக்கா அதைத் திரும்பத் திரும்பப் படித்தார். கண்ணாடி நெற்றிக்கு ஏறியது. உடனே தம்பிக்குப் போன் போட்டார்.

“டேய், அந்த மெசேஜை நம்பாத. சாலை வழியாவே போ.”

“இன்னும் நல்லா ஆக்குறாங்கன்னுல்ல போட்டிருக்கு?”

“இல்லடா, காலர் செத்துப்போச்சு. யானை வந்தாலும் உனக்குத் தெரியாது.”

“அக்கா, நீ பண்ணினதுதானே அது? உன்னையே நம்பக்கூடாதுங்கிறியா?”

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா பஸ் ஏறிப் போய், தம்பியைக் கையைப் பிடித்துச் சாலை வழியாக மோட்டார் ரூம்வரை நடத்திக் கூட்டிப்போனார். வழியெல்லாம் தலையாட்டினானாம். திங்கட்கிழமை மறுபடி குறுக்குப்பாதை. முட்டி வலிக்கிறது, மெசேஜும் வரவில்லை, அப்புறம் எதற்குச் சுற்ற வேண்டும் என்பது அவன் நியாயம். வேலையை விட்டுவிட்டு இங்கே வா என்றார் அக்கா. இங்கே வந்து எந்த மோட்டாரை ஓட்டுவது என்று கேட்டான்.

ஒரு நாள் மத்தியானம் நல்ல வெயில். செத்துக்கிடந்த பேட்டரிக்கு அந்தச் சூட்டில் கொஞ்சம் உயிர் வந்திருக்க வேண்டும். அனுப்பத் தெம்பில்லாத நாள்களிலும் காலர் இடத்தை மட்டும் குறித்துத் தனக்குள்ளேயே வைத்துக்கொண்டிருந்திருக்கிறது. அத்தனையும் ஒரே கொத்தாக வந்து விழுந்தன. “வந்துடுச்சு, வந்துடுச்சு” என்று அக்கா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். பிறகு வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். மெதுவாக உட்கார்ந்தார்.

புள்ளிகள் குறுக்குப்பாதையிலேயே கிடந்தன. செவ்வாய்க்கிழமை சாயங்காலம், பாதைக்குப் பக்கத்திலேயே ஒன்று. புதன்கிழமை அதே நேரம் இன்னொன்று. வெள்ளிக்கிழமையும். தம்பி தண்ணீர் ஏற்றப் போகும் நேரம்.

இன்னொரு கூத்தும் நடந்தது. மெசேஜ் அனுப்பும் புரோகிராம் யானை எங்கே நின்றது என்று மட்டும்தான் பார்க்கும், எப்போது நின்றது என்று பார்க்காது. அதை எழுதிக் கொடுத்த கம்பெனி எப்போதோ கடையைக் கட்டிவிட்டது. பழைய புள்ளி ஒவ்வொன்றுக்கும் ஒரு புது எச்சரிக்கை போயிருக்கிறது. மலையில் எல்லார் போனும் விடாமல் அடித்திருக்கிறது. சேவை மேம்பட்டுவிட்டது என்று அங்கே ஒரே சந்தோஷம். மேலிடத்துப் பாராட்டை வாங்கிக்கொண்டு இயக்குநர் சிரித்த முகத்தோடு வெளியே வந்தார்.

“புள்ளியக்கா, காலர் திரும்ப வந்துடுச்சாமே.”

“இதெல்லாம் போன வாரத்துது சார். வந்ததோட மறுபடி நின்னுபோச்சு.”

“அப்ப இப்ப எங்க இருக்கு?”

“தெரியாது சார்.”

அவர் குனிந்து திரையைப் பார்த்தார். கெட்ட மனுஷர் இல்லை. “மறுபடி ஒரு தரம் எழுதிப் பாக்குறேன்மா” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அது எப்படித் திரும்பி வரும் என்று அவருக்கும் தெரியும்.

அதற்குள் சாயங்காலம் ஆகியிருந்தது, தம்பியே கூப்பிட்டான். அக்கா ஸ்பீக்கரில் போட்டுப் போனை மேசைமேல் வைத்தார்.

“அக்கா, போன் கதறிட்டே இருக்கு. சூப்பரா சரிபண்ணிட்டீங்க.”

“சரியாகலடா. அது போன வாரத்துக் கணக்கு. செவ்வாய்க்கிழமை நீ போறப்ப அவன் பாதையோரம் நின்னிருக்கான். புதன்கிழமையும் வெள்ளிக்கிழமையும்கூட நின்னிருக்கான். நீ அவன் முன்னாடியே நடந்து போயிருக்க.”

இந்தத் தடவையாவது அவனுக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்தேன்.

“எவ்வளவு பக்கத்துல?”

“நம்ம வீட்டு வாசலுக்கும் கெணத்துக்கும் இருக்கிற தூரம்.”

“ஒண்ணும் பண்ணலையே அக்கா.” குரலில் பயமே இல்லை, ஒரு மாதிரிப் பெருமைகூட இருந்தது. “மூணு நாளும் சும்மா விட்டிருக்கான்னா என்னைத் தெரியும்னு அர்த்தம். நல்லவன்தான் அவன். பால்காரர் என்ன சீண்டினாரோ.”

என் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்திருக்கும். அக்கா கோபப்படவில்லை. அவரிடம் இருந்த ஒரே ஆதாரம் அந்தப் புள்ளிகள்தான். அதையும் எடுத்து அவன் தன் பக்கம் வைத்துக்கொண்டான். இனி எதைக் காட்டுவது? சிவப்புப் புள்ளிகள் திரையில் அப்படியே இருந்தன. அக்கா இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

“சரி, வைக்கட்டுமா? தண்ணி ஏத்தப் போகணும்” என்றான்.

“வைக்காத. பேசிட்டே போ.”

“என்ன பேச?”

“எதையாவது. சத்தமா பேசு, ஆள் வர்றது அவனுக்குக் கேக்கணும், வெலகிப் போவான். என்னைத் திட்டு.”

சிரித்துவிட்டுத் திட்ட ஆரம்பித்தான். சின்ன வயதில் அவன் சைக்கிளை அக்கா பள்ளத்தில் விட்டது, அப்பாவிடம் மாட்டிவிட்டது, தன் கல்யாணத்தன்று அவனை மட்டும் விட்டுவிட்டுப் போட்டோ எடுத்தது.

அன்றிலிருந்து தினமும் இதுதான். காலர் அதன் பிறகு வாய் திறக்கவில்லை, அனுமதியும் வரவில்லை. அலுவலகம் காலியானதும் அக்கா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு போன் போடுவார். “இன்னும் சத்தமாடா” என்பார். திட்டுவதற்கு விஷயம் தீர்ந்துபோய் இப்போதெல்லாம் அவன் என்னையும் சேர்த்துத் திட்டுகிறான். பாதை பள்ளத்தில் இறங்கும் இடத்தில் டவர் கிடையாது, மோட்டார் ரூமிலும் கிடையாது. ஏதோ ஒரு திட்டின் பாதியில் லைன் அறுந்துவிடும். தண்ணீர் ஏற்றி முடித்து அவன் மேலே வந்து கூப்பிடும்வரை அக்கா போனைக் கையிலேயே வைத்திருப்பார். நானும் ஏதோ வேலை இருக்கிற மாதிரி உட்கார்ந்திருப்பேன்.

“டவர்தானே?” என்று கேட்பார்.

“டவர்தான்க்கா” என்பேன்.