கிள்ளான் ஆற்றில் விட்ட மாலைகள்

மலையில் பிறந்து, கோலாலம்பூர் நடுவே கோம்பாக் ஆற்றையும் சேர்த்துக்கொண்டு வரும் கிள்ளான் ஆறு, பிரிக்பீல்ட்ஸில் எங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் ஓடியது. ஈயச் சுரங்க மண் கலந்து, தேநீர் நிறத்தில் இருக்கும். அங்கிருந்து கடல் வரை எத்தனை வளைவு என்று ஆபீஸ் வரைபடத்தில் மூன்று முறை எண்ணினேன். மூன்று முறையும் வேறு வேறு எண் வந்தது. இன்றும் அது உறுத்தல்தான்.

எண்ணியதற்குக் காரணம் உண்டு. எங்களுக்குக் கல்யாணமாகி வந்த முதல் ஆடி அது. வழக்கப்படி மனைவியைக் கிள்ளானுக்குப் பக்கத்தில், காப்பார் ரப்பர் தோட்டத்தில் இருந்த தாய்வீட்டுக்கு அழைத்துப் போயிருந்தார்கள். ஆடிப் பதினெட்டு அன்று கல்யாண மாலைகளை ஆற்றில் விட வேண்டும். வீட்டுக்குப் பின்னால் விட்டால் ஏதாவது ஒரு வளைவில் சிக்கிக்கொள்ளுமே என்று பயந்து, காய்ந்த மாலைகள் இரண்டையும் எடுத்துக்கொண்டு கிள்ளானுக்கு ரயிலேறினேன். அங்கிருந்து கடல் பக்கம்.

ஆற்றங்கரையில், காப்பாரிலிருந்து மாட்டுவண்டியில் வந்த மனைவியும் மாமியாரும் காத்திருந்தார்கள்.

"ஆடி முடிஞ்சதும் வந்து கூட்டிட்டுப் போறேன் அத்தை" என்றேன்.

"என்ன அவசரம் மாப்பிள்ளை? தீபாவளி கழிச்சு அனுப்புறேன்."

ஆவணி, புரட்டாசி, ஐப்பசி என்று விரல் விட்டு எண்ணினேன்.

மாலைகளை விட்டோம். அவை கடல் பக்கம் போகவில்லை. ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு கோலாலம்பூரை நோக்கி நகர்ந்தன. தோட்டத்தை விட்டு அதிகம் வெளியே வராத மாமியாருக்கு முகம் வெளுத்துவிட்டது.

"என்னடி இது, ஆறு பின்னால போகுது?"

கடல் ஏறும்போது அதன் நீர் ஆற்றுக்குள் வெகுதூரம் வரும் என்று பள்ளியில் படித்தவன் நான். நேரம் பார்க்காமல் வந்துவிட்டேன். விளக்க வாயெடுத்தேன். மனைவி என் காலை மிதித்தாள்.

"மாலை பிரிக்பீல்ட்ஸுக்குப் போகுதும்மா. எது வீடுன்னு அதுக்குத் தெரியுது. உனக்குத்தான் தெரியல."

"வெக்கங்கெட்டவளே." மாமியார் சிரித்துவிட்டார். "சரி, ஆத்தாவே வழி காட்டுறா, நான் என்ன சொல்ல? ஆவணி பொறந்ததும் வாங்க மாப்பிள்ளை."

எனக்கோ அடுத்த கவலை. நீர் திரும்பினால் மாலைகளும் திரும்பி வருமே. "மழை வரும்போல இருக்கு அத்தை" என்று, புளிச்சோற்றைக்கூட முடிக்க விடாமல் இருவரையும் மாட்டுவண்டியில் ஏற்றினேன். வானத்தில் ஒரு மேகம் இல்லை. மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு போனாள்.

திரும்பும்போது ரயில் பாலத்திலிருந்து எட்டிப் பார்த்தேன். ஆறு மறுபடியும் கடலை நோக்கி ஓடியது. மாலைகளைக் காணவில்லை. அவை எந்த வளைவில் நின்றனவோ என்று கவலைப்பட அன்று மறந்துவிட்டேன். ஆவணிக்கு எத்தனை நாள் என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.