இன்னொரு சுத்து

அந்த அம்மாள் பதினெட்டு வருடமாக மத்தியஸ்தர் வேலை பார்க்கிறார். வேலையிடத்துச் சண்டை முற்றி, கோர்ட்டுக்குப் போனால் பேரன் காலத்தில்தான் தீர்ப்பு வரும் என்று புரிந்த பிறகு இரண்டு தரப்பும் அவரிடம் வந்து சேரும். ஒரு தரப்பை இந்த அறையில் உட்கார வைப்பார், இன்னொன்றை அந்த அறையில். நடுவில் பன்னிரண்டு அடி நடைபாதை. அதில் நடந்தே அவருக்குச் செருப்பு தேயும். வக்கீல்கள் வைத்திருக்கும் பேர், 'ரெண்டு ரூம் அம்மா'.

அவருக்கு ஒரு கண்டிப்பான வழக்கம் உண்டு. அறையை விட்டுக் கிளம்பும்போது கதவருகே நின்று, "இதுல எத அங்க சொல்லலாம், எத சொல்லக்கூடாது?" என்று கேட்பார். கூடாது என்றால் கழுத்தை அறுத்தாலும் அது வெளியே வராது. கையெழுத்துக்கு முன்னால் அதே கேள்வியை மறுபடி கேட்பார். காலையில் வீம்பாக இருந்த மனசு சாயங்காலம் இளகியிருக்கலாம் அல்லவா? "சாப்பாடு ரெடியான்னு கேட்டாக்கூட, அடுத்த ரூம்ல கேட்டுட்டுத்தான் பதில் சொல்லுவா" என்பது அவர் கணவரின் கேலி.

அன்றைக்கு வந்தவர் பஸ் பணிமனை மெக்கானிக். இருபத்தாறு வருட சர்வீஸ். ஓடிக்கொண்டிருந்த பஸ்ஸின் பின்சக்கரம் கழன்று உருண்டுவிட்டது. நல்லவேளை, ஒருத்தருக்கும் கீறல்கூட இல்லை. ஆனால் அந்தச் சக்கரத்தில் கடைசியாகக் கை வைத்தது இவர்தான் என்று ஃபோர்மேன் எழுதிக் கொடுக்க, வேலை போய்விட்டது. இதில் கொடுமை என்னவென்றால், எந்த நட்டை இறுக்கினாலும் கூடுதலாக ஒரு சுற்று சுற்றுகிற மனிதர் அவர். பணிமனையில் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட ஆளில்லை. எல்லாருக்கும் அவர் 'இன்னொரு சுத்து'தான்.

"வேலைகூட வேண்டாம்மா" என்றார் அவர். "நான் இறுக்கினேனா இல்லையா, அது மட்டும் தெரிஞ்சா போதும். இறுக்கின மாதிரிதான் ஞாபகம். ஆனா சக்கரம் கழண்டிருக்கே? இப்பெல்லாம் கேஸ் அடுப்ப அணைச்சேனான்னு பத்து தடவ எழுந்து போய்ப் பாக்கறேன். என் கையையே எனக்கு நம்ப முடியல."

"இத அங்க சொல்லலாமா?"

"தாராளமா சொல்லுங்க."

அடுத்த அறையில் கம்பெனி வக்கீலை வெளியே அனுப்பிவிட்டு, ஃபோர்மேனிடம் தனியாகச் சொன்னார். சொல்லி முடிப்பதற்குள் ஃபோர்மேன் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

"அவன் இறுக்கிட்டுத்தாம்மா போனான். பிரேக்ல சத்தம் வருதுன்னு டிரைவர் சொன்னான். நான்தான் மறுபடி சக்கரத்தக் கழட்டிப் பாத்தேன். மாட்டும்போது ஆபீஸ்லேர்ந்து போன். பேசிட்டு வந்து பாதியில விட்டத மறந்தே போனேன்."

"இத அங்க சொல்லலாமா?"

"ஐயோ, வேண்டாம்மா. ரிட்டயர் ஆக ரெண்டு வருஷம்தான் பாக்கி."

"சரி. கையெழுத்துக்கு முன்னாடி இன்னொரு தடவ கேப்பேன். யோசிச்சு வைங்க."

சாயங்காலத்துக்குள் ஒப்பந்தம் தயாராகிவிட்டது. வேலைநீக்கம் ரத்து, விருப்ப ஓய்வு, நன்னடத்தைச் சான்றிதழ். கம்பெனி வக்கீல் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் கதவருகே வந்து நின்றபோது ஃபோர்மேன் நிமிர்ந்து பார்த்தார். இப்போது கேட்கலாம். கேட்டு, இவர் வாயைத் திறந்து, வக்கீல் பேப்பரைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டால்? அந்தச் சான்றிதழும் இல்லாமல் போய்விடுமே. பதினெட்டு வருடத்தில் முதல் தடவையாக அவர் அந்தக் கேள்வியைக் கேட்காமல் திரும்பினார். மெக்கானிக்கின் நல்லதுக்குத்தான் என்று அப்போது தனக்கே சொல்லிக்கொண்டார். கூடிவந்த காரியத்தைக் கலைக்க மனம் வரவில்லை என்பதுதான் நிஜம்.

"அவர் ஏதாவது சொன்னாராம்மா?" என்று கேட்டார் மெக்கானிக்.

"அங்க பேசினத நான் சொல்லக்கூடாதுய்யா."

அவர் தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். பேனா மூடியைத் திருகி மூடினார். மூடிய பிறகும் இன்னொரு சுற்று திருகிப் பார்த்துவிட்டுத்தான் மேஜையில் வைத்தார்.

ஏழு மாதம் கழித்து ஃபோர்மேன் வந்தார். ஆள் பாதியாகியிருந்தார்.

"ராஜினாமா எழுதிக் குடுத்துட்டேம்மா. அவன்கிட்ட சொல்லணும். தனியாப் போக கால் வரல, நீங்களும் வாங்க." பிறகு தயங்கிச் சொன்னார்: "அன்னிக்கே சொல்லியிருப்பேன். இன்னொரு தடவ கேப்பேன்னு சொன்னீங்களே, கேட்டா சரின்னு சொல்லணும்னுதான் உக்காந்திருந்தேன். நீங்க கேக்கவே இல்ல."

அந்த அம்மாள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

மூன்றாவது மாடியில் மெக்கானிக்கின் மனைவி கதவைத் திறந்தாள். ஃபோர்மேனைப் பார்த்ததும் அவள் முகத்தில் கோபம்கூட வரவில்லை.

"அவர் போய் மூணு வாரமாச்சு" என்றாள். "நெஞ்சுவலி. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறப்போகூட, கதவப் பூட்டினியா, கேஸ மூடினியான்னு அதே கேள்விதான். மூடிட்டேன்னு சொன்னாலும் நம்பல."

ஃபோர்மேன் அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டார். தலையைக் குனிந்தபடி எல்லாவற்றையும் சொன்னார், போன் வந்தது உட்பட. "அவன் இறுக்கிட்டுத்தாம்மா போனான். தப்பு என்னோடது" என்று சொல்லி அழுதார்.

அவள் கதவைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் அழுது முடிக்கும்வரை காத்திருந்தாள்.

"இறுக்கியிருப்பாருன்னு எனக்குத் தெரியுங்க. முப்பது வருஷம் கூட இருந்தவ, எனக்குத் தெரியாதா?" என்றாள். "அவருக்குத்தான் தெரியாமப் போச்சு."