புதன்கிழமைப் பாட்டுகளும் இரண்டு கிலோ மிளகாய்த்தூளும்

என் மகள் மெல்பர்னில் ஒரு சின்னச் சமூக வானொலியில் புதன்கிழமை தோறும் இரவு ஏழு மணிக்கு ஒரு மணித்தியாலம் பாட்டுப் போடுகிறாள். அதற்குச் சம்பளம் கிடையாது. பகலில் ஒரு கோப்பிக் கடையில் வேலை. அவள் போடுவதெல்லாம் அவுஸ்திரேலியாவில் இப்போதுதான் தலையெடுக்கிற இசைக்குழுக்களின் பாட்டுகள். பெரிய கொம்பனி எதுவும் திரும்பிப் பார்க்காத, வீட்டுக் கராஜில் தாங்களே வாசித்துத் தாங்களே பதிந்து வெளியிடுகிற ஆட்கள். ஒரு கணினி, இரண்டு பெட்டி, ஒரு குவியல் வயர் என்று மின்னிசை செய்கிறவர்களும் உண்டு. இந்த நிகழ்ச்சியை உலகத்தில் எத்தனை பேர் கேட்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. டென்மார்க்கில், பிராண்டேயில், ஒரு ஆள் கேட்டது தெரியும். அது நான். நான் கேட்பது அவளுக்குத் தெரியாது, ஏனென்றால் அவள் என்னோடு கதைப்பதில்லை.

பிழை என்னுடையதுதான். ஓகூஸ் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்துக்கொண்டிருந்தவள், கடைசி வருடத்தில் விட்டுவிட்டாள். அவுஸ்திரேலியாவில் வேலை செய்து ஊர் சுற்றிப் பார்க்கிற விசா எடுத்தாள். போவதற்கு முதல் வாரம் எங்கள் ஆட்களின் ஒரு பிறந்தநாள் விழாவுக்குப் போனோம். யாரோ என்னிடம் கேட்டார்கள், மகள் அடுத்து என்ன செய்யப்போகிறா என்று. "மெல்பர்னில மாஸ்டர்ஸ் செய்யப் போறா" என்றேன். வாயிலிருந்து எண்ணெய் போட்ட மாதிரி வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. அவள் பக்கத்தில் ரோல்ஸ் தட்டோடு நின்றாள். எல்லோரும் கைகுலுக்கி வாழ்த்தினார்கள். அவளும் சிரித்து நன்றி சொன்னாள். வீட்டுக்குத் திரும்பும்போது காரின் பின் ஆசனத்திலிருந்து, வழக்கமாக டெனிஷில் பேசுகிறவள், தமிழில் சொன்னாள்: "இனி அந்த மாஸ்டர்ஸ் படிக்கிற பிள்ளையோடயே கதையுங்கோ, அப்பா." அதன் பிறகு அவளுடைய அழைப்புகள் எல்லாம் தாயின் தொலைபேசிக்கே வந்தன.

எனக்கும் ரோசம் இருந்தது. பெற்று வளர்த்தவன், நானா முதலில் இறங்குவது என்று இருந்தேன். மூன்று மாதம் அப்படியே போனது. ஒருநாள் மனைவி தன் தொலைபேசியை மேசையில் விட்டுவிட்டுக் குளிக்கப் போனாள். மகள் அனுப்பிய செய்தி திரையில் கிடந்தது: வானொலியின் முகவரி, நாள், நேரம். அடுத்தவரின் தொலைபேசியைப் பார்ப்பது பிழை என்று தெரியும். என்றாலும் பார்த்து எழுதிக்கொண்டேன்.

எனக்குத் தொழிற்சாலையில் பின்னேர முறை. மூன்று மணிக்குத்தான் வேலைக்குப் போகவேண்டும். மனைவி முதியோர் இல்லத்தில் காலை முறை. ஆகவே மெல்பர்னில் இரவு ஏழு மணியாகும்போது பிராண்டேயில் நான் தனியாகக் குசினியில் இருப்பேன். கோடையில் பதினொரு மணிக்கு, மாரியில் ஒன்பது மணிக்கு. நடுவில் ஒக்டோபரில் இரண்டு நாடுகளும் மணிக்கூட்டை வெவ்வேறு நாளில் மாற்றுகின்றன. அது தெரியாமல் ஒரு புதன்கிழமை பதினொரு மணிக்குத் திறந்தேன். யாரோ ஒரு கிழவர் தக்காளிச் செடிக்கு எப்போது தண்ணீர் விடவேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். மகளின் நிகழ்ச்சி முடிந்துவிட்டிருந்தது. அன்றைக்கு முழுக்க எனக்கு எல்லோரோடும் எரிச்சல்.

முதலில் நான் கேட்டது அவளுடைய குரலை மட்டும்தான். பாட்டுத் தொடங்கினால் சத்தத்தைக் குறைத்துவிட்டு மரக்கறி வெட்டுவேன். உண்மையைச் சொன்னால், இதற்கு எங்கள் தொழிற்சாலை இரைச்சலே பரவாயில்லை என்றுதான் இருந்தது. ஆனால் அவள் ஒவ்வொரு குழுவையும் அறிமுகப்படுத்தும் விதம் என்னைப் பிடித்து இருத்தியது. எங்கே வாசித்தார்கள், எந்தத் தெரு, மேடை எவ்வளவு சின்னது, மழை பெய்ததா, தான் எங்கே நின்று கேட்டாள் என்றெல்லாம் சொல்லுவாள். என் மகள் அந்த வாரம் எங்கே போனாள், யாரோடு நின்றாள் என்று எனக்குத் தெரியவந்த ஒரே வழி அதுதான். அவள் எதைக் கேட்டு அந்த மழைக்குள் நின்றாள் என்று அறிய, சத்தத்தைக் கூட்டினேன்.

பிறகு காது மெல்லப் பழகியது. பேர்த் நகரத்து அக்கா தங்கை இரண்டு பேர், வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் உறுமலைப் பதிந்து அதை அறுத்து ஒட்டித் தாளமாக்கியிருந்தார்கள். தொழிற்சாலையில் நான் செய்வது காற்றாலை இறக்கை. கண்ணாடி நார்ப் படுக்கைக்குள் பசையை இழுக்கிற பம்ப் இரண்டு மூன்று மணி நேரம் ஒரே கதியில் துடிக்கும். அதை இருபது வருடம் கேட்டவன் நான். அந்தத் துடிப்பில் சின்னதாக ஒரு பிசகு வந்தாலும் எங்கோ காற்றுக் கசிகிறது என்று எனக்கு விளங்கும். அந்தச் சகோதரிகளின் பாட்டில் நாலாவது நிமிடத்தில் வேண்டுமென்றே அப்படி ஒரு பிசகு வைத்திருந்தார்கள். நான் வெட்டிக்கொண்டிருந்த வெங்காயத்தை விட்டுவிட்டு நிமிர்ந்தேன். இந்தப் பிள்ளைகள் வேலை தெரிந்தவர்கள் என்று எனக்கு அப்போது பட்டது.

அதன் பிறகு ஒரு கொப்பியில் குழுவின் பெயர், ஊர், எனக்குப் பிடித்ததா இல்லையா என்று எழுதத் தொடங்கினேன். தொழிற்சாலையில் காதுக் காப்புக்குள்ளும் அதே பாட்டுகள். பக்கத்தில் வேலை செய்கிற டெனிஷ்காரன் ஒருநாள் வாங்கிக் கேட்டுவிட்டு, உனக்கு என்ன நடந்தது என்று கேட்டான். ஒன்றும் நடக்கவில்லை என்று சொன்னேன்.

இந்த யூன் மாதம் மகள் தன் நிகழ்ச்சியில் ஒரு சேதி சொன்னாள். அவள் ஆரம்பத்திலிருந்தே தூக்கிப் பிடித்த ஒரு மெல்பர்ன் மூவர் குழு, ஒரு வாடகை வான் வண்டியில் ஐரோப்பாவைச் சுற்றப்போகிறது. ஓகூஸிலும் ஒரு நாள் வாசிப்பார்கள். தான் ஓகூஸிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில் வளர்ந்தவள் என்றாள். சொல்லிவிட்டு அவர்களின் பாட்டைப் போட்டாள்.

வேறு யாராவது என்றால் நுழைவுச்சீட்டைப் பற்றி யோசித்திருப்பார்கள். எனக்கு வந்த முதல் யோசனை வேறு: மெல்பர்னுக்கு ஆள் போகுது. எங்கள் சனத்துக்கு இது இரத்தத்தில் ஊறினது. லண்டனுக்கோ ரொறன்ரோவுக்கோ யார் போகிறார் என்று காதில் விழுந்தால் போதும், அவரைத் தெரியுமோ தெரியாதோ, பின்னேரமே வீட்டு வாசலில் பார்சலோடு நிற்போம். போகிறவரும் மறுக்கமாட்டார். அவர்கள் அவுஸ்திரேலிய இசைக்குழு, எங்கள் உறவுக்காரர் இல்லை என்பது எனக்கு ஒரு தடையாகவே தோன்றவில்லை.

மனைவியிடம் மிளகாய்த்தூள் வறுத்துத் திரிக்கச் சொன்னேன்.

"மெல்பர்னுக்கு ஆர் போகினம்?"

"தெரிஞ்ச ஆக்கள்."

"எங்கடை ஆக்களோ?"

"ஓம், அப்பிடித்தான்."

அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். இரண்டு கிலோ தூளை மூன்று பொலித்தீன் பைக்குள் போட்டு, மண்ணிற ஒட்டுநாடாவால் செங்கல் மாதிரி இறுக்கிச் சுற்றி, மேலே மகளின் பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் எழுதித் தந்தாள். அந்தப் பொதியைப் பார்த்தால் யாருக்கும் என்ன நினைப்பு வரும் என்று எங்கள் இருவருக்கும் தோன்றவேயில்லை.

அன்றைக்கு வேலைக்கு லீவு எடுத்தேன். நிகழ்ச்சி துறைமுகப் பக்கம் ஒரு பழைய களஞ்சியத்தில். இரவு எட்டு மணிக்கும் நல்ல வெயில். முப்பது பேரளவில் இருந்தார்கள், அத்தனை பேரும் என் மகளின் வயது. என்னைக் கண்டு வாடகைக் கார்ச் சாரதி என்று நினைத்த ஒரு பொடியன், நாங்கள் ராக்ஸி கூப்பிடவில்லையே என்றான். நான் சுவரோடு பொதியை அணைத்துக்கொண்டு நின்றேன். முதல் பாட்டுத் தொடங்கியது. குசினியில் பத்து மாதம் கேட்டதை ஆட்கள் கண்முன்னால் கையால் அடித்து வாசிக்கிறார்கள். மகள் நின்று கேட்கிற இடத்தில் நானும் நிற்கிறேன் என்று நினைத்தேன். சந்தோசமாக இருந்தது. வெட்கமாகவும் இருந்தது.

முடிந்த பிறகு, சட்டைகள் விற்கிற மேசையில் மேளம் அடிக்கிற பெண் நின்றாள். இரண்டாவது பாட்டை முன்பு இதைவிட மெதுவாக வாசிப்பீர்கள், அதுதான் நல்லது என்று என் உடைந்த ஆங்கிலத்தில் சொன்னேன். அவள் திகைத்துப் போனாள். அது எப்படி உங்களுக்குத் தெரியும் என்று கேட்டாள். புதன்கிழமை நிகழ்ச்சி செய்கிறவள் என் மகள் என்றேன். அவள் இன்னும் திகைத்தாள். தன் அப்பா செய்தியைத் தவிர வேறொன்றும் கேட்கமாட்டார் என்றல்லவா உங்கள் மகள் சொன்னாள் என்று சொல்லிவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டாள். நான் பொதியை நீட்டினேன். சாப்பாட்டுச் சாமான், மகளிடம் கொடுத்தால் போதும் என்றேன். வேறு ஏதாவது சொல்லவேண்டுமா என்று கேட்டாள். இல்லை, இது போதும் என்று சொல்லிவிட்டு வந்து காரில் ஏறினேன். அந்த ஒரு கேள்விக்கு ஒழுங்கான பதில் சொல்ல எனக்குத் தைரியம் இருக்கவில்லை.

பத்து நாளில் அவர்கள் மெல்பர்ன் திரும்பினார்கள். அடுத்த புதன்கிழமை பதினொரு மணிக்கு நான் குசினியில். மகளின் குரல் வழக்கத்தைவிட உற்சாகமாக இருந்தது. ஒரு கதை சொல்லப்போகிறேன் என்று தொடங்கினாள். அந்தக் குழு விமான நிலையத்தில் இறங்கி, சாப்பாட்டுச் சாமான் கொண்டுவருகிறோம் என்று சுங்க அட்டையில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். என்ன சாமான் என்று அதிகாரி கேட்டிருக்கிறார். தெரியாது. யார் தந்தது? டென்மார்க்கில் ஒரு வயதான மனிதர். அவர் பெயர்? தெரியாது. அதிகாரி பொதியைக் கத்தியால் கிழித்தாராம். அந்த அறையில் இருந்த அத்தனை பேரும் கண்ணீர் வழிய இருமிக்கொண்டு வெளியே ஓடினார்களாம். மேளம், கிற்றார், ஒலிபெருக்கி எல்லாவற்றையும் திறந்து பார்த்து அவர்களை வெளியே விட இரண்டு மணித்தியாலம். தூள் குப்பைக்குள் போய்விட்டது.

இருந்ததையும் கெடுத்தேன் என்று நினைத்தேன். அவளுடைய சிநேகிதர்கள் முன்னால் அவளை இரண்டாம் தடவையும் தலைகுனிய வைத்தாயிற்று. அந்த வயதான மனிதர் தன் அப்பா என்று அவள் ஆங்கிலத்தில் சொன்னாள். பிறகு, மெல்பர்ன் சனம் முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்க, தமிழில் சொன்னாள்: "அப்பா, போனைக் கிட்ட வச்சிருங்கோ." உடனே ஒரு நீளமான மின்னிசைப் பாட்டைப் போட்டாள்.

தொலைபேசி ஏற்கனவே அடித்துக்கொண்டிருந்தது. இணையத்தில் வருகிற ஒலி அரை நிமிடம் பிந்தித்தான் எனக்கு வரும்.

"அப்பா, ஆறு நிமிசம்தான் இருக்கு. எப்ப இருந்து கேக்கிறீங்கள்?"

"பத்து மாசம் வரும்."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"உன்ரை சிநேகிதப் பிள்ளையளுக்குக் கரைச்சல் குடுத்திட்டன்" என்றேன்.

"அதை விடுங்கோ. அவையள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கினம்."

அவள் பக்கத்தில் பாட்டு எனக்குக் கேட்பதைவிட முன்னால் ஓடிக்கொண்டிருந்தது.

"அண்டைக்கு நான் ஆக்களுக்குச் சொன்னது பிழை, பிள்ளை. மாத்திச் சொல்லுறன்."

"ஆக்களுக்கு என்னவும் சொல்லுங்கோ. எனக்குச் சொல்லுங்கோ. நான் என்ன செய்யிறன்?"

பரீட்சை மாதிரிக் கேட்டாள். நான் குசினிக் கதிரையில் இருந்துகொண்டு பதில் சொன்னேன். "ஒருத்தருக்கும் தெரியாத பிள்ளையளைத் தேடிப் பிடிச்சு, அதுகளின்ரை பாட்டைப் போடுறாய். கேக்கத் தெரியாதவனும் கேக்கிற மாதிரிச் சொல்லிப் போடுறாய். நல்லாச் செய்யிறாய். நீ இல்லையெண்டால் இதெல்லாம் எனக்கு வெறும் இரைச்சல்."

நல்லாச் செய்யிறாய் என்று அவள் பிறந்த நாளிலிருந்து நான் அவளுக்குச் சொன்னதில்லை. பரீட்சையில் நல்ல புள்ளிகள் கொண்டுவந்தபோதுகூட மிச்சப் புள்ளி எங்கே என்றுதான் கேட்டிருக்கிறேன். அவள் டெனிஷில், பாட்டு முடியப்போகிறது, போகவேண்டும் என்றாள். வைத்துவிட்டாள்.

என் குசினியில் அந்தப் பாட்டு இன்னும் அரை நிமிடம் ஓடியது. அது முடிந்ததும் அவள் வந்தாள். போட்ட பாட்டை யார் செய்தது என்று சொன்னாள். பெயர் பிழை. பத்து மாதத்தில் அவள் பிழை விட்டது அதுதான் முதல் தடவை. சரியான பெயர் எனக்குத் தெரியும்.