கடலரசிக்குப் பூசிய நீலம்

என் தங்கைக்கு நான் கெடுதல் செய்தேன். தெரியாமல் நடந்தது என்று வீட்டில் பல வருஷம் சாதித்தேன். தெரிந்துதான் செய்தேன்.

அப்போது பொன்னேரியில் இருந்தோம். வீட்டில் ஒரு அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர். நானும் அவளும் ஒரே கேமை மாற்றி மாற்றி ஆடுவோம். அதில் வரும் கடலரசி என்றால் அவளுக்கு உயிர். நீல முகம், செதில் உடுப்பு, சிப்பிக் கிரீடம். நான் மூன்றாவது கட்டத்தில் முக்கிக்கொண்டிருப்பேன். அவள் கடைசிக் கட்டத்தை முடித்துவிட்டுத் துணி காயப்போடப் போய்விடுவாள்.

வெளிநாட்டில் கேம் ஆடுகிறவர்கள் பிடித்த பாத்திரம் போலவே வேஷம் கட்டிப் படம் எடுப்பதை இன்டர்நெட்டில் பார்த்தாள். அவ்வளவுதான், மூன்று மாதம் உட்கார்ந்து தைத்தாள். பழைய சிடிகளை வெந்நீரில் போட்டு, இளகியதும் கத்தரித்துச் செதிலாக்கினாள். என் கம்பெனியில் பெட்டி கட்டும் நீலப் பட்டையைக் கொண்டுவந்து கொடுத்தேன், இடுப்புக்குப் பின்னிக்கொண்டாள். முகத்துக்குப் பூச நீலம்தான் கிடைக்கவில்லை.

அந்தச் சமயத்தில் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு செல்போன் கம்பெனியிலிருந்து அவளுக்கு இன்டர்வியூ வந்தது. அடுத்த திங்கட்கிழமை காலை வரச் சொல்லியிருந்தார்கள். நான் கும்மிடிப்பூண்டியில் இரண்டு வருஷமாக அப்ரண்டிஸ், எப்போது நிரந்தரம் என்று கேட்டால் சூப்பர்வைசர் சிரிப்பார். அம்மா எனக்குச் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள், "அவ வேலைக்குப் போய்ட்டா போதும், இந்த ஊடு நிமிந்துரும்." சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தவனை அவள் கணக்கிலேயே எடுக்கவில்லை. எனக்கு வயிறு எரிந்தது. பொறாமைதான், அதற்கு வேறு நல்ல பெயர் எதுவும் எனக்குத் தெரியாது.

எங்கள் ஃபிட்டர் ஷாப்பில் ஒரு நீலப் பசை உண்டு. இரண்டு இரும்புப் பரப்புகள் சரியாகப் பொருந்துகின்றனவா என்று பார்க்க, ஒன்றில் அதைத் தடவி மற்றதன்மேல் வைத்துத் தேய்ப்போம். எங்கே ஒட்டுகிறதோ அங்கே மேடு. தோலில் பட்டால் சாமானியத்தில் போகாது. நான் சேர்ந்த வாரம் நகக்கண்ணில் ஏறியது பத்து நாள் என்னோடு இருந்தது.

அதில் ஒரு டப்பா கொண்டுவந்தேன். சோப்பு போட்டால் போய்விடும் என்றேன். ஞாயிற்றுக்கிழமையே படம் எடுத்துவிடலாம், வேலைக்குப் போய்விட்டால் உனக்கு எங்கே நேரம் என்றும் நான்தான் சொன்னேன். நம்பினாள். அண்ணன் சொன்னால் நம்பாமல் என்ன செய்வாள்?

பழவேற்காட்டுக் கடற்கரையில், காலை வெயிலில், அவள் கண்ணை மூடிக்கொண்டு முகத்தைக் காட்டினாள். நெற்றி, இமை, மூக்கோரம், காதுமடல் என்று ஓரிடம் விடாமல் பூசினேன். நன்றாகப் பிடிக்கட்டும் என்று அரைமணி நேரம் நிற்க வைத்தேன். வலை உலர்த்திக்கொண்டிருந்த இரண்டு பேர் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். முழங்காலளவு தண்ணீரில் இறங்கி, கையை விரித்து, அலை வரும்போதெல்லாம் கேமில் அந்த அரசி நிற்பதுபோலவே நின்றாள். ஸ்டுடியோவில் இரவல் வாங்கிய கேமராவில் எடுத்துத் தள்ளினேன். ஒவ்வொரு படத்துக்கும் ஓடிவந்து பார்த்து, "சூப்பரா கீதுண்ணா" என்றாள். அப்போதாவது எனக்கு மனசு இளகியிருக்க வேண்டும். இளகவில்லை.

சாயங்காலம் அம்மா மண்ணெண்ணெய், தேங்காயெண்ணெய், கடலைமாவு, பீர்க்கங்கூடு என்று ஒவ்வொன்றாகத் தேய்த்தாள். தோல் கன்றிச் சிவந்ததே தவிர நீலம் அசையவில்லை. வலித்தாலும் அவள் இன்னும் தேய் என்றாள். மறுநாள் துப்பட்டாவை முகத்தில் சுற்றிக்கொண்டு விடியற்காலையிலேயே கிளம்பிப் போனாள்.

மத்தியானம் திரும்பி வந்தாள். தூசி ஆகாத அறையில் வேலையாம், தோலில் என்னவோ வந்திருக்கிறது என்று உள்ளேயே விடவில்லையாம். சாயம்தான் என்று சொல்லிப் பார்த்திருக்கிறாள். யாரும் கேட்கவில்லை. அம்மா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். அன்று லீவு போட்டிருந்தேன், வீட்டில்தான் இருந்தேன். பழவேற்காட்டிலிருந்து திரும்பும்போதே தயார் செய்து வைத்திருந்ததைச் சொன்னேன். அது இப்படி ஒட்டும் என்று சத்தியமாக எனக்குத் தெரியாது என்றேன்.

அவள் என் இரண்டு கைகளையும் பிடித்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். உள்ளங்கை, விரலிடுக்கு, நகக்கண் எல்லாம்.

"அவ்ளோ நேரம் பூசினியே, உன் கையில ஒரு பொட்டு கூட இல்ல," என்றாள். "க்ளவுஸ் மாட்டிக்கினு தான பூசின."

கண்ணை மூடிக்கொண்டிருந்தவளுக்கு ரப்பர் பட்டது தெரிந்திருக்கிறது. என்மேல் சந்தேகப்பட அவளுக்கு ஒரு நாள் பிடித்தது, அவ்வளவுதான். கைகளை மெதுவாக விட்டுவிட்டு முகம் கழுவப் போனாள்.