வீடு செட்டில்டு என்று வந்த ஃபேக்ஸ்

ஃபேக்ஸ் பேப்பர் மெஷினிலிருந்து சூடாக, சுருண்டுகொண்டே வரும். ஒரு மாதிரி மருந்து வாசனை... தொண்ணூறுகளில் சித்தூரில் எங்கள் கல் பட்டறைக்குச் சோறு போட்டது அந்தப் பேப்பர்தான்.

கல்லறைக் கல் அறுத்து, பாலிஷ் போட்டு ஜப்பானுக்கு அனுப்பிக்கொண்டிருந்தோம். வாங்குபவர் ஒரே ஆள், தனாகா. வருடத்துக்கு ஒருமுறை வந்து ஒவ்வொரு கல்லையும் விரலால் தடவிப் பார்ப்பார். அவர் இல்லையென்றால் பட்டறை இல்லை.

ஒரு நாள் டி.வி. செய்தியில் அவருடைய ஊர். பூகம்பம். மேம்பாலம் சாய்ந்து கிடக்கிறது. அவ்வளவு பணக்கார நாடு... போர்வையைச் சுற்றிக்கொண்டு தண்ணீருக்கு நிற்கிறார்கள். வரிசை மட்டும் கலையவில்லை.

போன் போகவில்லை. மேஸ்திரி முனிரத்தினம் தினமும் கேட்பான், "இன்னாண்ணா, ஆளு கீறாரா?"

மறைக்காமல் சொல்கிறேன். இத்தனை பேர் செத்தால் இத்தனை கல் வேண்டுமே என்றும் ஒரு பக்கம் என் மனசு ஓடியது. இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது.

பதினோராம் நாள் ஃபேக்ஸ் வந்திருக்கிறதென்று எதிர் எஸ்.டி.டி. பூத்துக்காரர் தெலுங்கில் கத்தினார்: "அன்னா, ஃபேக்ஸ் வச்சிந்தி!"

மூன்றே வரி ஆங்கிலம். நான் உயிரோடு இருக்கிறேன். வீடு செட்டில்டு. கல்லை இப்போது அனுப்ப வேண்டாம்.

"வீடு செட்டில் ஆய்ட்ச்சாம்ணா! கவர்மெண்டே புச்சா கட்டிக் குடுத்துகீது!" என்றான் முனிரத்தினம்.

"பத்து நாள்லயாடா?"

"நம்மூரா இது? அங்கல்லாம் அப்பிடித்தான்."

நம் பக்கம் அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம்தானே. பையன் பெங்களூரில் செட்டில், பெண் துபாயில் செட்டில். நானும் நம்பிப் பதில் அனுப்பினேன்... உங்கள் வீடு செட்டில் ஆனதில் ரொம்ப சந்தோஷம். கல் ரெடி. சீக்கிரம் எடுத்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் பதில் வந்தது. கல்லின் அளவுகளை வரைந்து அனுப்பும் அதே கையால் தன் வீட்டை வரைந்திருந்தார். ஒரு பக்கம் ஜன்னல்வரை மண்ணுக்குள் இறங்கிச் சாய்ந்த வீடு. கீழே ஒரு வரி: உங்கள் சந்தோஷத்துக்கு நன்றி.

முனிரத்தினம் அந்த ஜன்னல்மேல் விரலை வைத்தான். "செட்டில்னா... எறங்கறதாண்ணா?"

ஏழெட்டு மாதம் பட்டறை ஓடவில்லை. கம்பெனி முதலாளியான அவர், பள்ளி மைதானத்தில் அரசாங்கம் வைத்த தகரப் பெட்டி வீட்டில் இருந்தார். பிறகு ஆர்டர் வந்தது. ஒவ்வொரு கல்லுக்கும் அடியில் துளை போட வேண்டுமாம், இரும்புக் கம்பி இறக்க. செத்தவர்களின் கல்கூட அடுத்த முறை விழக் கூடாது என்று யோசிக்கிற ஊர்.

மறு வருடம் நேரில் வந்தார். மெட்ராஸ் ஏர்போர்ட்டிலிருந்து வழியெல்லாம் மன்னிப்பை ஒத்திகை பார்த்தேன். பட்டறையில் இறங்கியதும் வாயில் வந்தது, "சார், எத்தனை கண்டெய்னர்?" முதலில் கல்லைத் தடவிப் பார்க்கிறேன் என்பதுபோல் அவர் சிரித்துக்கொண்டே விரலைக் காட்டினார்.

இப்போது பட்டறையை விற்றாயிற்று. கல் தூசி தந்த இருமல் மட்டும் மிச்சம். தனாகாவும் போய்விட்டார். அங்கே பூமி லேசாக ஆடினாலும் ஒரு நிமிடத்தில் என் போனில் வீடியோ வந்து நிற்கிறது. உடனே அவர் மகனுக்கு மெசேஜ் போடுகிறேன்... எல்லோரும் நலமா, வீடு நிற்கிறதா?

என்னிடம் ஒரு கல்கூட வாங்காதவன். ஆனாலும், நிற்கிறது என்று அவன் சொல்லும்வரை எனக்கு எதுவும் ஓடுவதில்லை.