பத்தாம் நம்பர் நூலில் ஒரு மணமாலை

நான் பேசும் கூட்டங்களில் கேட்க வந்தவர்களைவிட நாற்காலிகள் அதிகமாக இருப்பது வழக்கம். அந்த ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான். பீளமேட்டில் ஒரு வாசகர் வட்டம். தலைப்பு ‘திருமணமும் பூக்களும்’. பதினொரு பேர் வந்திருந்தார்கள். அதில் ஒருவர் மைக் செட்காரர். இன்னொருத்தி என் மகள். என்னை ஸ்கூட்டரில் திரும்பக் கூட்டிப் போக வந்தவள், வெளியே வெயில் என்பதால் உள்ளே உட்கார்ந்துவிட்டாள்.

நன்றாகவே பேசினேன் என்று நினைக்கிறேன். பழைய தமிழ்க் கல்யாணத்தில் தீ வளர்க்கவில்லை. பிள்ளை பெற்ற நான்கு பெண்கள் பூவும் நெல்லும் கலந்த நீரை மணமகள் தலையில் ஊற்றி வாழ்த்தினார்கள், கல்யாணம் முடிந்தது. இன்னொரு கல்யாணத்தில் அறுகம்புல்லையும் வாகை இலையையும் வெள்ளை நூலில் கட்டிப் பெண்ணுக்குச் சூட்டினார்கள். அந்த நூல் எத்தனையாம் நம்பர் என்று மட்டும் எந்த உரையாசிரியரும் எழுதி வைக்கவில்லை. நம் ஆள் பூ வைத்துக்கொண்டு போருக்கும் போனான், கல்யாணத்துக்கும் போனான். கல்யாணத்தில் சாப்பாடு போட்டார்கள் என்பதுதான் வித்தியாசம் என்றேன். நான்கு பேர் சிரித்தார்கள். இன்று நாம் பாரம்பரியம் என்று கழுத்தில் போட்டுக்கொள்ளும் சம்பங்கியும் செண்டுமல்லியும் மெக்சிகோவிலிருந்து கப்பலேறி வந்தவை என்றபோது அந்த நால்வரும் சிரிப்பதை நிறுத்திவிட்டார்கள்.

திரும்பும்போது சிக்னலில் மகள் தலையைத் திருப்பாமல் கேட்டாள்.

“ஏனுங்கப்பா, பூவப் பத்தி ஒரு மணி நேரம் பேசுனீங்களே, ஒரு மொழம் பூக் கட்டத் தெரியுமா உங்களுக்கு?”

“தெரியாது கண்ணு. ராக்கெட்டப் பத்திக்கூடப் பேசியிருக்கறேன்.”

“அதாங்கப்பா. எல்லாத்தையும் பேசியே முடிச்சுப்போடறீங்க. என்ற கல்யாணத்துக்கு ஒண்ணே ஒண்ணு உங்க கையால செஞ்சு குடுங்க. மாலை நீங்க கட்டுங்க.”

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது. விளையாட்டு இல்லை. பச்சை விளக்கு விழுந்தது.

கொடுமுடிப் பையனுக்கு அவளைப் பேசி முடித்திருந்தோம். நிச்சயத்துக்கு மூன்று வாரம், கல்யாணத்துக்கு ஐந்து மாதம் இருந்தன. முதலில் நிச்சயத்துக்கு ஒரு சிறிய மல்லிகை மாலை கட்டிப் பார்ப்பது என்று முடிவாயிற்று. யூடியூபில் ஒரு பெண் பூக் கட்டுவதை நாற்பது முறை பார்த்தேன். இரண்டு பூ இந்தப் பக்கம், இரண்டு பூ அந்தப் பக்கம், நூலை ஒரு சுற்றுச் சுற்றி இழுத்தால் ஒரு கண்ணி. நானூறு கண்ணி போட்டால் மாலை. இதில் என்ன பிரமாதம்?

நூல் விஷயத்தில் எனக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை என்பது என் எண்ணம். இருபத்தேழு வருடமாக ஒரு மில்லின் விற்பனைப் பிரிவில் நூல் விற்கிறவன் நான். நூலில் நம்பர் ஏற ஏற மெலியும். மெலிய மெலிய மதிப்பு ஏறும். கோயம்புத்தூர்க்காரன் மனிதர்களைக்கூட அந்தக் கணக்கில்தான் எடைபோடுவான். என் ஒரே மகளுக்குச் சாதா நூலிலா மாலை? மில்லில் இருந்ததிலேயே உயர்ந்த சரக்கு, நூறாம் நம்பர், பட்டு மாதிரி இருக்கும், ஒரு கோன் கொண்டுவந்தேன். வீட்டில் பெருமையாகக் காட்டினேன். என் மனைவி கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, “எங்கீங்க நூலு?” என்றாள். அவ்வளவு மெல்லிசு.

நிச்சயம் எங்கள் வீட்டு ஹாலில் நடந்தது. மகள் என் மாலையைப் போட்டுக்கொண்டு மணையில் உட்கார்ந்தாள். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் பொட்டு வைக்க வரிசையாக வந்தார்கள். முதலில் ஒரு மல்லிகை மடியில் விழுந்தது. யாரும் கவனிக்கவில்லை. பிறகு மூன்று. ஐந்தாவது பெண் குனிந்து சந்தனம் தடவியபோது மழை மாதிரிக் கொட்டியது. கால்மணி நேரத்தில் பூவெல்லாம் தரையில் கிடக்க, என் மகள் கழுத்தில் நூறாம் நம்பர் நூல் மட்டும் பாதகமில்லாமல் தொங்கியது. ஒரு சிக்கல் இல்லை, ஒரு முடிச்சு அவிழவில்லை. அப்படித் தரமான நூல்.

சம்பந்தி நல்ல மனுஷர். வயிறு குலுங்காமல் சிரிக்கத் தெரிந்தவர். கிளம்பும்போது என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

“ஏனுங்க சம்பந்தி, நிச்சயத்துல போச்சாது உடுங்க. முகூர்த்தத்துல ஆயிரம் பேரு பாக்கறப்ப மாலை அந்து உழுந்துச்சுன்னா, கட்டுனவர யாரும் கேக்க மாட்டாங்க. ‘வந்த பொண்ணு ராசி’ம்பாங்க. என்ற சொந்தக்காரங்கள எனக்குத் தெரியுமுங்க. மாலைய நாங்க பெங்களூர்ல சொல்லிக்கறோம்.”

அவர் சொன்னது முழுக்க உண்மை. ஒரு மாலை அறுந்ததற்காக இருபது வருடம் கழித்தும் பேச்சு வாங்குகிற மருமகள்களை எனக்கே தெரியும். சரி என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் என் மகள் பின்னால் வந்து நின்றாள்.

“மாமா, கல்யாணத்துக்கும் அப்பா கட்டறதத்தானுங்க போட்டுக்குவேன்.”

“அம்மணி, அதில்ல...”

“அந்துச்சுன்னா எனக்குத்தானுங்க பேரு கெடும். நான் பாத்துக்கறேனுங்க.”

சம்பந்தி என்னைப் பார்த்தார். நான் தரையில் கிடந்த மல்லிகையைப் பார்த்தேன். வாழ்க்கையில் முதல் முறையாக என் நகைச்சுவை உணர்ச்சி எனக்கு உதவிக்கு வரவில்லை.

மறுநாள் காலை, எங்கள் பஸ் ஸ்டாப்பில் பூ விற்கும் பெண்ணிடம் போனேன். என்னைவிட இருபது வயது இளையவள். கை பூக் கட்டிக்கொண்டே இருக்கும், வாய் போனில் பேசிக்கொண்டே இருக்கும். மீந்த கோனை நீட்டினேன். ஒரு மல்லிகைக் காம்பில் சுற்றி இழுத்தாள். பூவின் தலை தனியே தெறித்தது.

“எந்த நூலுங்ணா இது?”

“நூறாம் நம்பர் அம்மணி. ஏற்றுமதித் தரம்.”

“ஏத்துமதி பண்ணிப்போடுங்க. இது நூலில்லீங்ணா, பிளேடு. காம்ப அறுக்குது.”

வாழை நாரில்தான் கட்ட வேண்டும் என்று அவள் நனைத்த நார் ஒன்றைக் கொடுத்தாள். ஒரு வாரம் முயன்றேன். நாரைச் சீராகக் கிழிக்க வரவில்லை. கிழித்ததை ஒட்டுப்போட வரவில்லை. அவளே மனம் இரங்கினாள். “உங்களுக்கு நார் ஆவாதுங்ணா. நல்லா மொத்தமா, மொசுமொசுன்னு ஒரு நூலு கொண்டாங்க. காம்பக் கவ்வோணும், அறுக்கக் கூடாது.”

மொத்தமான, மொசுமொசுவென்ற நூல். அதற்கு எங்கள் தொழிலில் ஒரு பெயர் இருக்கிறது: பத்தாம் நம்பர், கழிவுப் பஞ்சு நூல். பெரிய மில்களில் கூட்டித் தள்ளும் பஞ்சை வாங்கி நூற்பார்கள். கால்மிதி, தரை துடைக்கும் துணி எல்லாம் அதில்தான். அப்படி ஒரு மில் வைத்திருக்கும் நண்பரை நான் இத்தனை வருடமும் ‘குப்பையை நூற்கிறவர்’ என்று கிண்டல் செய்துவந்திருக்கிறேன். அவரிடம் போய் நின்றேன். விஷயத்தைக் கேட்டுவிட்டு மேஜையிலிருந்து ஒரு கோனை எடுத்து உருட்டிவிட்டார்.

“குப்பைக்கு வந்துட்டீங்களா கடசீல? கொண்டு போங்க. மாலைக்கு மீந்தா ஊடு தொடைக்க ஆவும்.”

நான்கு மாதம். ஆபீஸ் முடிந்ததும் பஸ் ஸ்டாப்பில் ஒரு கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்து பூக் கட்டினேன். முதலில் பஸ் பிடிக்க வந்த கல்லூரிப் பெண்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். அப்புறம் முழம் என்ன விலை என்று கேட்டார்கள். கடைசியில் என் கையை முழக்கோலாக நம்பி, “பெரியவர் கையில அளந்து குடுங்க” என்றார்கள். என் முழங்கை நீளம். பூக்காரப் பெண்ணுக்கு அதில் கோபம். நான் கட்டிய சரத்தைத் தினமும் உதறிப் பார்ப்பாள். பூ உதிர்ந்தால் முழுச் சரத்தையும் பிரிக்கச் சொல்வாள். மூன்றாவது மாதம் ஒரு நாள் உதறினாள், ஒன்றும் விழவில்லை. இன்னொரு முறை, ஆத்திரத்தோடு உதறினாள். விழவில்லை. அதை அப்படியே அடுத்த ஆளுக்கு விற்றுவிட்டாள். எனக்குக் கிடைத்த இலக்கியப் பரிசுகளை விட (மொத்தம் ஒன்று) அது பெரிது.

கல்யாணம் கொடுமுடியில், காவிரிக்கரை மண்டபத்தில். முந்தின நாள் மத்தியானமே மல்லிகை மொட்டும் சம்பங்கியும் ரோஜாவும் மரிக்கொழுந்தும் கூடை கூடையாக வந்து இறங்கின. மணப்பெண் அறையில் ஜமக்காளம் விரித்து உட்கார்ந்தேன். வருகிற விருந்தாளிகள் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். பெண்ணின் அப்பா வாசலில் நின்று கும்பிடாமல் உள்ளே உட்கார்ந்து பூக் கட்டுகிறாரே என்று ஒருவர் என் மனைவியிடம் வருத்தப்பட்டார். “கும்பிடறதுக்கு நானிருக்கறனுங்க, அவரக் கைய எடுக்க உடாதீங்க” என்றாள். சாயங்காலம் இரண்டு மாலையும் முடிந்தன. ஈரத் துணியில் சுற்றி வைத்தேன். சம்பந்தி வந்து தூக்கிப் பார்த்தார். “கனமாத்தான் இருக்குதுங்க” என்றார். ஆனாலும் எதற்கும் இருக்கட்டும் என்று தருவித்திருந்த பெங்களூர் மாலைப் பெட்டியைக் காலையில் மடியிலேயே வைத்துக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

எங்கள் வழக்கத்தில் சீர்களை நடத்தித் தருபவரை அருமைக்காரர் என்போம். அவர் முன்நின்று ஒவ்வொரு சீராக முடிக்க, தாலி ஏறியது, மங்கல வாழ்த்து பாடி முடிந்தது. அடுத்தது மாலை மாற்றுவது. மாப்பிள்ளை போட்டார், என் மகள் கழுத்தில் மாலை அழகாக உட்கார்ந்தது. இப்போது அவள் முறை. அவள் கையைத் தூக்கிய நொடியில் மாப்பிள்ளையின் நண்பர்கள் நான்கு பேர், இப்போது எல்லாக் கல்யாணத்திலும் செய்கிறார்களே, அவரை அப்படியே தோளுக்கு மேல் தூக்கிவிட்டார்கள்.

என் மகள் தாவி வீசினாள். மாலை அவர் தலையில் கட்டிய உருமாலில் மாட்டிக்கொண்டது. கீழ்ப் பாதி அவள் கையில். நண்பர்கள் ஓரடி பின்வாங்கினார்கள். அவள் விடவில்லை. மாலை இருவருக்கும் நடுவே கொடிக்கயிறு மாதிரி விறைத்து நின்றது. நாதஸ்வரக்காரர் மூச்சை விட மறந்துவிட்டார். மண்டபம் முழுக்க ஒரே ஒரு குரல்தான் கேட்டது, சம்பந்தியினுடையது.

“டேய், கீழ உடுங்கடா அவன!”

அந்த அவசரத்தில் தடாலென்று இறக்கினார்கள். மாப்பிள்ளை சாய்ந்தார், விழாமல் இருக்க மாலையைத்தான் பிடித்தார். எழுபது கிலோ மாப்பிள்ளை என் நூலில் ஒரு கணம் தொங்கினார். மாலை கிரீச்சென்றது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது அவர் நேராக நின்றிருந்தார், உருமால் ஒரு காதில் சரிந்திருந்தது, மாலை அவர் கழுத்தில் இருந்தது. முழுசாக. தரையில் ஒரே ஒரு ரோஜா இதழ்.

கைதட்டல் எழுந்தது. கல்யாணத்தில் இவ்வளவு கைதட்டலை நான் கேட்டதில்லை; என் கூட்டங்களில் கேட்டிருக்க வாய்ப்பே இல்லை. சம்பந்தி துள்ளி எழுந்து என்னைக் கட்டிப்பிடித்தார். மடியிலிருந்த பெங்களூர் பெட்டி எங்கே போனது என்று அவருக்கே தெரியவில்லை. எங்கள் கால்களுக்கடியில் போயிருந்தது. “சம்பந்தி, என்ன நூலுங்க அது?” என்று காதில் கேட்டார். “பத்தாம் நம்பருங்க” என்றேன், என்னவோ நானே நூற்ற மாதிரி. நான்காவது வரிசையிலிருந்து பூக்காரப் பெண் எழுந்து வந்து, மாப்பிள்ளையின் மாலையை ஒரு தடவை தடவிப் பார்த்தாள்.

“மூணு கண்ணி லூசுங்ணா” என்றாள். பிறகு அவளே சிரித்துவிட்டாள்.

படம் எடுக்கிறவர் என் மகளிடம் மாலையைக் கழற்றிவிட்டு, படத்துக்கென்று கொண்டுவந்த முத்து மாலையைப் போடச் சொன்னார். அவள் மாட்டேன் என்றாள். பந்திக்கும் அந்த மாலையோடுதான் வந்தாள். இலை மேல் பூ படுகிறது என்று அவள் அம்மா சொன்னதையும் கேட்கவில்லை. மாலையை ஒரு கையால் தோளுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு மறு கையால் சாப்பிட்டாள். எதிர் வரிசையில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டே நான் மூன்றாவது தடவையாகப் பாயசம் வாங்கினேன். என் சர்க்கரை டாக்டரும் கல்யாணத்துக்கு வந்திருந்தார், இரண்டு இலை தள்ளி. அவர் என்னைப் பார்த்தார். நான் டம்ளரைத் தூக்கிக் காட்டினேன்.