முகம் பொருந்தவில்லை

அண்ணன் அம்மாவை அடித்தது நியாலாஸ் ஊரில் அவள் வீட்டு அடுப்படியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். அறை இல்லை, குத்து. அவன் விரலில் கனமான ஒரு மோதிரம் கிடக்கும். நிறைய முதலீடு பிடித்துக் கொடுத்த ஏஜெண்ட் என்று கம்பெனிக்காரர்கள் மேடையேற்றிப் போட்டுவிட்ட மோதிரம். அது அம்மாவின் கன்னத்தைக் கிழித்தது. அவள் கையிலிருந்த கைப்பேசி சிங்க்குக்குள் விழுந்தது. அவளும் தரையில் உட்கார்ந்தாள். விழுந்தாள் என்று எழுதினால் அம்மா ஒத்துக்கொள்ள மாட்டாள்.

இத்தனைக்கும் அவள் செய்யப்போனது ஒன்றுதான். தன் முதலீட்டுக் கணக்கை அவனிடமிருந்து வேறொரு இடத்துக்கு மாற்றப் பார்த்தாள்.

அப்பா, எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டியவர். ஒருநாள் வெட்டிய குலை அவர் தலையிலேயே விழுந்தது. முகத்தைப் பார்க்க எங்களை விடவில்லை. பார்க்கும்படி இல்லை என்றார்கள். அவர் செத்ததற்குக் கிடைத்த நஷ்ட ஈட்டுப் பணத்தை அண்ணன் வாங்கித் தன் கம்பெனியின் யூனிட் டிரஸ்ட் முதலீட்டில் போட்டான். "வர்ற லாபத்துக்கு வரியே கெடையாதும்மா. கவர்மெண்டு கூட கை வைக்க முடியாது லா" என்றான். அம்மாவுக்கு அது போதுமாக இருந்தது. அவள் சம்பாத்தியத்தில் கை வைக்காத ஆள் அதுவரை யாரும் இல்லை. தோட்டத்துக் கடைக்காரன் வைத்தான், கூட்டுப் பணம் என்று சீட்டுப் பிடித்தவள் ஊரைவிட்டே ஓடினாள், மிச்சத்தை அப்பா கள்ளுக்கடையில் கொடுத்தார். கடைசியில் யாரும் தொட முடியாத பணம் ஒன்று கிடைத்ததே என்று சாமி படத்துக்கு மாலை வாங்கிப் போட்டாள்.

நானும் அவனிடம்தான் போட்டேன். வரிச் சலுகை கிடைக்கும் என்று சம்பளத்தில் பிடித்துப் பிடித்து ஓய்வுக்காலத் திட்டம் ஒன்றில் கட்டினேன். அவன் கிளேபாங் சாலையோரக் கடையில் தேங்காய் ஷேக் வாங்கிக் கொடுத்தே பாதி ஊரிடம் கையெழுத்து வாங்கியவன். தங்கச்சிக்கு அதுகூட வாங்கித் தரவில்லை.

நான் எலெக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் சூப்பர்வைசர். சாப்பாட்டு நேரத்தில் உடன் வேலை செய்யும் ஒருத்திதான் தன் கைப்பேசியைக் காட்டினாள். அதே திட்டம், அதே லாபம், வரியும் இல்லை. ஆனால் ஏஜெண்ட் இல்லாத தளம் என்பதால் போடும் பணத்தில் கழிவு இல்லை. என்னுடையதில் நூறு ரிங்கிட் வெள்ளி போட்டால் ஐந்து வெள்ளிக்கு மேல் அண்ணன் வழியில் போய்க்கொண்டிருந்தது. சரி, அண்ணன்தானே, தொலையட்டும் என்று விட்டிருப்பேன். அம்மா கணக்கைத் திறந்து பார்த்தபோதுதான் இனி விடக்கூடாது என்று முடிவுசெய்தேன். அவளுடைய பணத்தை ஒரு திட்டத்திலிருந்து எடுத்து இன்னொன்றில், அதிலிருந்து எடுத்து வேறொன்றில் என்று போட்டுக்கொண்டே இருந்திருக்கிறான். மாற்றும் ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கட்டணம், ஒவ்வொரு தடவையும் அவனுக்குக் கமிஷன். அரசாங்கம் கை வைக்காத பணத்தில் அவன் வைத்தான். வேலியே பயிரை மேய்ந்தது.

முதலில் என் கணக்கை மாற்றினேன். மாற்றச் சொல்லிக் கேட்டதும் பழைய ஏஜெண்டுக்குத் தகவல் போய்விடும் என்பது எனக்குத் தெரியும். போகட்டும் என்றுதான் செய்தேன். அடுத்த ஞாயிறு அம்மாவுக்குப் புதுக் கணக்கு திறக்க நியாலாஸ் போயிருந்தபோது அவன் கார் வாசலில் வந்து நின்றது.

"கூடப்பொறந்த தங்கச்சியே ஓடிப்போனா, அப்புறம் எவன்டி எங்கிட்ட காசு போடுவான்?" என்று கத்திக்கொண்டே அடுப்படிக்குள் வந்தான்.

அம்மா கைப்பேசியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள். "என் காசுதானடா. நான் எங்க வச்சா ஒனக்கென்ன?"

அதற்குத்தான் அந்தக் குத்து.

அடுப்பில் தோசைக்கல் காய்ந்துகொண்டிருந்தது. துணி பிடிக்கவில்லை, அப்படியே எடுத்தேன். முதல் அடி அவன் முழங்கையில், இரண்டாவது தோளில். அவன் சட்டை பொசுங்கித் தோலோடு ஒட்டியது. மூன்றாவதைத் தலைக்குத்தான் ஓங்கினேன். அம்மா தரையில் இருந்தபடியே என் காலைக் கட்டிக்கொண்டாள். இல்லையென்றால் நான் இதை ஜெயிலில் இருந்து எழுதிக்கொண்டிருப்பேன். எனக்கு இன்றுவரை அதில் ஒரு துளி வருத்தம் கிடையாது. உள்ளங்கையில் தழும்பு இருக்கிறது, சாதம் பிசையும்போது இழுக்கும்.

வாசலில் நின்று கையைப் பிடித்துக்கொண்டு அவன் சொன்னான்: "அம்மா கையெழுத்துப் போட்ட வெறும் ஃபாரம் எங்கிட்ட கட்டா இருக்கு. மொத்தத்தையும் எடுத்து வேற எடத்துல போடுறேன். என்ன புடுங்குறீங்கன்னு பாக்குறேன்."

சும்மா மிரட்டுகிறான் என்று நினைக்க முடியவில்லை. நம்பி, நிரப்பாத படிவங்களில் கையெழுத்துப் போட்டிருந்தாள் அம்மா. அவன் கம்பெனிக்குப் போன் போட்டுக் கணக்கை நிறுத்தச் சொன்னேன். "உங்கள் ஏஜெண்டைத் தொடர்புகொள்ளுங்கள்" என்றார்கள். அவனுக்கு முன்னால் நாங்கள் மாற்றியாக வேண்டும், வேறு வழியில்லை.

கிளினிக்கில் டாக்டரிடம் அம்மா பாத்ரூமில் வழுக்கிவிட்டதாகச் சொன்னாள். தையல் போட்டார்கள். போலீசுக்குப் போகலாம் என்றேன். "பெத்தவ போயி அத சொல்லுவாளா? வாய மூடிக்கிட்டு வண்டிய எடு" என்றாள். தஞ்சோங் கிளிங்கில் என் வீட்டுக்குக் கூட்டிவந்தேன்.

அங்கே வந்துதான் அடுத்த அடி விழுந்தது. புதுக் கணக்கு திறக்க அடையாள அட்டையைப் படமெடுக்க வேண்டும், பிறகு கேமராவில் முகத்தைக் காட்ட வேண்டும். இரண்டும் ஒன்றுதானா என்று அதுவே பார்த்துக்கொள்ளும். அம்மாவின் இடது கண் வீங்கி மூடியிருந்தது, கன்னம் கறுத்துப் புடைத்திருந்தது. முகம் பொருந்தவில்லை, மீண்டும் முயலவும் என்று வந்தது. மறுபடி காட்டினோம். மறுபடியும் அதே.

"என்னடி சொல்லுது?"

"நீங்க நீங்க இல்லையாம்."

எனக்கு அந்தக் கைப்பேசியையே கடலில் எறியத் தோன்றியது. நேரில் போய்ச் சொல்ல அவர்களுக்கு ஒரு கவுண்டர்கூட இல்லை. ஆள் இல்லாததால்தான் கட்டணமும் இல்லை. ஆள் இருந்தால் இந்த முகத்தைப் பார்த்ததுமே எல்லாவற்றையும் புரிந்துகொண்டிருப்பான்.

தினமும் காலையில் அம்மா முகம் கழுவி, பொட்டு வைத்து, வெளிச்சம் விழும் ஜன்னலோரம் போய் உட்காருவாள். தினமும் அது மாட்டேன் என்றது. நான் அவள் கன்னத்தில் ஐஸ் வைத்து ஒத்தி எடுத்துக்கொண்டே அண்ணனைச் சபித்தேன்.

ஒரு சாயங்காலம் அவனே வந்தான். கேட்டை உதைத்தான். நான் திறக்கவில்லை என்றதும் காரிலிருந்து பாராங் என்ற நீள வெட்டுக்கத்தியை எடுத்துக் கேட்டோரம் காய்த்து நின்ற என் பப்பாளி மரத்தை வெட்டினான். ஒரே வெட்டில் சாயவில்லை. பால் வழிய வழியக் கொத்தினான். அந்தக் கைப்பேசியைக் கொண்டுவராவிட்டால் அடுத்து என் கை என்றான். அக்கம்பக்கத்தார் கதவைச் சாத்திக்கொண்டார்கள். நான் இரும்புக் குழாயைத் தேடிப் பின்பக்கம் ஓடினேன். திரும்பி வருவதற்குள் அம்மா கேட்டருகே போய்விட்டாள்.

"வெட்டணும்னா வெட்டுடா. மொதல்ல என் மூஞ்சியப் பாரு."

அவன் பூட்டைப் பார்த்தான். கத்தியைப் பார்த்தான். கீழே கிடந்த பப்பாளிக் காய்களைப் பார்த்தான். "பாருன்னு சொன்னேன்ல?" என்று அம்மா கம்பியைப் பிடித்து உலுக்கினாள். அவன் தலையை நிமிர்த்தவே இல்லை. கத்தியைக் காருக்குள் வீசிவிட்டுக் கிளம்பிப் போனான்.

வீக்கம் வடிந்து கன்னம் மஞ்சளுக்கு வந்த ஒரு காலையில் கேமரா கொஞ்சம் இறங்கி வந்தது. கண்ணைச் சிமிட்டச் சொன்னது, சிமிட்டினாள். இடது பக்கம் திரும்பச் சொன்னது, திரும்பினாள். பிறகு சிரிக்கச் சொன்னது.

"இதுக்கு சிரிக்க வேற செய்யணுமா?" என்றாள்.

சிரித்தாள். தையல் போட்ட பக்கம் ஏறவில்லை, மறுபக்கம் மட்டும் ஏறியது. பச்சை நிறத்தில் ஒரு சரிக்குறி விழுந்தது. அவள்தான் என்று ஒத்துக்கொண்டது. உடனே கணக்கை மாற்றச் சொல்லி அனுப்பினேன். பணம் முழுதாக அப்படியே இருந்தது. அவன் அந்த ஃபாரங்களைத் தொடவில்லை. ஏன் தொடவில்லை என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் மாட்டேன்.

கடைசியாக ஒரு கேள்வி இருந்தது. உங்களுக்குப் பின் இந்தப் பணம் யாருக்கு? நான் என் பெயரைத் தட்டத் தொடங்கினேன்.

"அவனுக்கும் பாதி போடு."

"ஒங்களுக்குப் பைத்தியமா? அடிச்சானே! வெட்ட வந்தானே!"

"கத்தாத. நான் செத்தப்புறம் இத வாங்கணும்னா அவனும் இதுல மூஞ்சியக் காட்டணும்தானே?"

"ஆமா."

அம்மா கன்னத்துத் தையலை விரலால் தடவிக்கொண்டாள். "போடு. எங்கிட்டதான் காட்டல. இதுகிட்டயாவது வந்து காட்டட்டும்."